அம்மாவுக்குப் பயாப்சி ரிப்போர்ட் வந்திருக்கு. அவங்ககிட்ட சொல்றதா, வேண்டாமா?

விடியல்நோக்கி (திங்கள், இரவு 11.48)

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இங்க படிக்க மட்டும்தான் வந்திருக்கேன். எழுதறது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 58 வயசு. இடது மார்பில் கட்டி. போன வாரம் ஊசி போட்டு சதை எடுத்தாங்க. இன்னைக்கு சாயங்காலம் ரிப்போர்ட்டை நான்தான் போய் வாங்கினேன். வண்டி நிறுத்தற இடத்துலயே நின்னு கவரைப் பிரிச்சிட்டேன். "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2. ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2: 2+." கார்சினோமாங்கிற ஒரு வார்த்தைதான் புரிஞ்சது. மீதி எதுவும் மண்டையில ஏறல.

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா, "என்னடா சொன்னாங்க?"ன்னு கேட்டாங்க. "இன்னும் ரெடியாகலம்மா, ரெண்டு நாள் ஆகுமாம்"னு வாய் தானா பொய் சொல்லிடுச்சு. கவர் இப்ப என் பீரோவுல மடிச்ச சட்டைகளுக்கு அடியில இருக்கு.

அப்பா, மாமா, சித்தி எல்லாருக்கும் ஒரே பேச்சு. அவகிட்ட சொல்லாதே, தாங்க மாட்டா, சாதாரணக் கட்டின்னு சொல்லி ஆபரேஷனை முடிச்சிடலாம். தங்கச்சி மட்டும் சொல்லியே ஆகணும்னு நிக்கிறா. டாக்டரைப் பார்க்கறது வியாழக்கிழமை.

ரெண்டு கேள்வி. அந்த ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கு? அம்மாகிட்ட சொல்றதா, வேண்டாமா?


கண்ணாடிவில்லை (செவ்வாய், காலை 6.15)

தம்பி, நான் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். பயாப்சி சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பதே எங்கள் பொழுது. முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

'டக்டல்' என்றால் பால் குழாயின் செல்களில் தொடங்கியது. 'இன்வேசிவ்' என்றால் குழாயின் சுவரைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருக்கிறது. உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பலர் இந்த ஒரு சொல்லைப் பார்த்தே இடிந்து போகிறார்கள். மார்பகப் புற்றுநோயில் மிக அதிகமாக வருவதே இந்த வகைதான்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதற்கு நாங்கள் போடும் மதிப்பெண். 1 முதல் 3 வரை. உங்கள் அம்மாவுக்கு நடுவில். ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பதை வைத்துச் சொல்வது. பயாப்சி ரிப்போர்ட்டில் அது இருக்காது. கிரேடு 2 என்பதை 'இரண்டாம் கட்டம்' என்று உறவினர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் ஹார்மோன்கள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் அந்தச் செல்களில் உள்ளன. அந்த ஹார்மோன்தான் அதற்குத் தீனி. தீனியைத் தடுக்கும் மாத்திரை இருக்கிறது. இது நல்ல சேதி.

கவனிக்க வேண்டியது ஹெர்2. செல்லை வேகமாக வளரத் தூண்டும் ஒரு புரதம் அது. 0, 1+ என்றால் நெகட்டிவ். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்பது இரண்டுங்கெட்டான், அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஃபிஷ் என்றொரு பரிசோதனை செய்து அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஹெர்2 பாசிட்டிவ் என்றால் 1998 முதல் புழக்கத்தில் உள்ள டிராஸ்டுஸுமாப் போன்ற குறிவைத்துத் தாக்கும் மருந்து சேரும், நெகட்டிவ் என்றால் சேராது. வியாழக்கிழமை டாக்டரிடம் முதல் கேள்வியாக "ஃபிஷ் அனுப்பியாச்சா?" என்று கேளுங்கள். அதே பயாப்சி மெழுகுக் கட்டியிலேயே செய்யலாம், மறுபடி குத்த வேண்டியதில்லை.

இன்னொன்று. "ஊசி போட்டதால் பரவிடும்" என்று யாராவது இந்நேரம் உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். காதில் வாங்காதீர்கள். சதை எடுத்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் தேர்ந்தெடுக்க முடியாது.


வெயில்காலம் (செவ்வாய், காலை 8.02)

ரெண்டாவது கேள்விக்கு நான் எழுதறேன். எழுதி எழுதி அழிச்சிட்டு மறுபடி எழுதறேன்.

எங்க அப்பாவுக்கு நுரையீரல்ல வந்துச்சு. நாங்க நாலு பேரும் சேர்ந்து "நெஞ்சுச் சளி கெட்டியாயிருக்கு, அதுக்குத்தான் டிரிப்ஸ்"னு சொல்லி ஏழு மாசம் ஓட்டினோம். நர்ஸ்கிட்டகூட முன்னாடியே சொல்லி வச்சோம். அப்பா ஒரு தடவைகூட எதுவும் கேட்கல. நாங்களும் சாமர்த்தியமா மறைச்சிட்டோம்னு நினைச்சோம்.

அவர் போனப்புறம் சட்டைப்பையில இருந்த சின்ன டைரியை எடுத்துப் பார்த்தேன். டிரிப்ஸ் பாட்டில்ல ஒட்டியிருந்த மருந்து பேரை ஒவ்வொரு எழுத்தாப் பார்த்து பென்சில்ல எழுதி வச்சிருக்கார். பாக்ளிடாக்சல், கீமோ மருந்து. ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை. பக்கத்துல தேதி. அடுத்த தடவை போட்டப்போ அடுத்த தேதி. நாங்க பில் கட்டப் போன நேரத்துல எழுதியிருக்கணும். கடைசி தேதிக்குக் கீழே, "பிள்ளைகளிடம் கேட்கக் கூடாது"ன்னு ஒரே வரி.

எங்களுக்காக அவர் நடிச்சார், அவருக்காக நாங்க நடிச்சோம். அந்த ஏழு மாசத்துல எங்களுக்குள்ள ஒரு வார்த்தை உண்மையா பேசிக்கல. சொல்லிடு தம்பி.


பழையநாணயம் (செவ்வாய், காலை 9.30)

மேல எழுதினவரோட வலி புரியுது. ஆனா எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாம்னு நினைக்கிறேன். என் பாட்டி டாக்டர் முகத்துக்கு நேரா சொன்னா: "எனக்கு என்னன்னு என்கிட்ட சொல்லாதீங்க, அவன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துப்பான்." அதுவும் அவ முடிவுதானே. வலுக்கட்டாயமா காதுல போட்டு என்ன ஆகப்போகுது?


இரவுப்பணி (செவ்வாய், மதியம் 2.10)

புற்றுநோய் வார்டுல 14 வருஷமா நர்ஸா இருக்கேன். வெயில்காலம் சொன்னதும் சரி, பழையநாணயம் சொன்னதும் சரி. பாட்டி தனக்குத் தெரிய வேண்டாம்னு தானே முடிவெடுத்தாங்க. விடியல்நோக்கி தம்பி வீட்டுல அம்மாகிட்ட யாருமே கேட்கல, முடிவு மட்டும் எடுத்தாச்சு. எனக்கு உறுத்தறது அதுதான்.

அதனால சொல்றதா வேண்டாமான்னு பட்டிமன்றம் நடத்தாதீங்க. அம்மாகிட்டயே கேளுங்க. வேற யாரும் இல்லாத நேரமா பார்த்து உட்கார்ந்து, "அந்தக் கட்டியைப் பத்தி உனக்கு என்ன தோணுது?"ன்னு முதல்ல கேளுங்க. நாங்க வார்டுல பண்றதும் இதுதான். பாதிப் பேருக்கு மேல ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். அப்புறம், "ரிப்போர்ட்டுல இருக்கறதை எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறே? எல்லாமா, கொஞ்சமா, இல்ல நாங்களே பார்த்துக்கணுமா?" அவங்க சொல்ற அளவுக்குச் சொல்லுங்க. கேட்காததைக் கொட்ட வேண்டாம், கேட்டதை மறைக்க வேண்டாம்.

நடைமுறையிலயும் ஒண்ணு யோசிங்க. இதுக்கு மாத்திரையே அஞ்சு வருஷம் சாப்பிட வேண்டியிருக்கலாம். சாதாரணக் கட்டின்னு நம்பறவங்க எத்தனை மாசம் விடாம சாப்பிடுவாங்க? மூட்டு வலி வந்ததும் நிறுத்திடுவாங்க. நான் பார்த்திருக்கேன்.

டாக்டர்கிட்ட போறப்போ ரெண்டு பேரா கூடப் போங்க. ஒருத்தர் கேட்கறதுக்கு, ஒருத்தர் எழுதறதுக்கு. 'கேன்சர்'ங்கிற வார்த்தைக்கு அப்புறம் காது அடைச்சிடும், பாதி விழாது. டாக்டர் சம்மதிச்சா போன்ல பதிவு பண்ணிக்கோங்க. மறக்காம ஒண்ணு கேளுங்க: "இந்த சிகிச்சையோட நோக்கம் முழுசா குணப்படுத்தறதா, இல்ல கட்டுப்படுத்தி வைக்கறதா?" இதுக்குப் பதில் தெரியாம எந்த முடிவும் எடுக்காதீங்க.


மூலிகைவாசம் (செவ்வாய், மாலை 5.44)

தம்பி, அவசரப்பட்டு கத்தி, கீமோன்னு போயிடாதீங்க. கேன்சர் செல்லுக்குச் சர்க்கரைதான் உணவு, அதை நிறுத்தினா பட்டினியில செத்துடும். பாதாம் மாதிரி இருக்கற ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பில் வைட்டமின் பி17 இருக்கு, அதைத் தினமும் குடுங்க. மூணு மாசம் பார்த்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நல்ல மனசோடதான் சொல்றேன்.


கண்ணாடிவில்லை (செவ்வாய், மாலை 7.20)

நல்ல மனசோடுதான் சொல்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கொட்டை விஷம். பி17 என்று ஒரு வைட்டமினே கிடையாது. அமிக்டாலின் என்ற பொருளுக்கு விற்பனைக்காக வைத்த பெயர் அது. குடலுக்குள் போனால் சயனைடு வெளிவரும். அமெரிக்காவில் 178 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் குணமாகவில்லை. சிலருடைய ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியிருந்தது.

சர்க்கரை விஷயத்தில் ஒரு துளி உண்மை உண்டு. புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கும். பெட் ஸ்கேன் அதை வைத்துத்தான் நோயைக் காட்டுகிறது. ஆனால் மூளைக்கும் ரத்தச் செல்களுக்கும் குளுக்கோஸ் தேவை என்பதால், நீங்கள் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் அதைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். கட்டியை மட்டும் பட்டினி போட முடியாது. நோயாளிதான் இளைப்பார், இளைத்தவருக்கு மருந்தைத் தாங்கும் சக்தி குறையும்.

மூலிகையைக் குறைத்துப் பேசவில்லை. வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து நம் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை இன்றும் காப்பாற்றும் மருந்துகளில் அது ஒன்று. ஆனால் அது இலையை அரைத்துக் குடித்து வந்த பலன் இல்லை. பிரித்தெடுத்து, எத்தனை மில்லிகிராம் நோயைக் கொல்லும், எத்தனை மில்லிகிராம் ஆளைக் கொல்லும் என்று அளந்து பார்த்த பிறகு வந்த பலன்.

'இயற்கைதானே, என்ன கெடுதல்' என்பவர்களுக்கும் ஒன்று. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது.

மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதுதான் இதில் மிகப் பெரிய கெடுதல்.


விடியல்நோக்கி (புதன், இரவு 10.05)

சொல்லிட்டேன்.

காலையில எல்லாரும் வெளியே போனதும் அம்மா பக்கத்துல போய் உட்கார்ந்தேன். துணி மடிச்சுட்டு இருந்தாங்க. இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரியே, "அந்தக் கட்டியைப் பத்தி உனக்கு என்ன தோணுதும்மா?"ன்னு கேட்டேன். கையில இருந்த சட்டையோட ரெண்டு கையையும் பின்பக்கமா மடக்கி, மேல ஒரு தட்டு தட்டி, மடிச்ச அடுக்கு மேல வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "உன் சட்டைக்கு அடியில கவரை ஒளிச்சு வச்சியே, மடிச்ச துணியை உள்ள வைக்கறது யாருன்னு நினைச்சே?"

எனக்குப் பேச்சே வரல. முந்தாநாள் ராத்திரியே பார்த்திருக்காங்க. உள்ள இருக்கற இங்கிலீஷ் படிக்க வராது. "படிக்கத் தெரியலன்னாலும், ஒளிச்சு வச்சா என்னன்னு தெரியாதா? எடுத்த இடத்துலயே வச்சிட்டேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன். எல்லாம்னு சொன்னாங்க. கண்ணாடிவில்லை அண்ணா எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன். நடுவுல ஒரு தடவை நிறுத்தச் சொல்லி, தண்ணி குடிச்சிட்டு வந்து உட்கார்ந்தாங்க. கடைசியில மூணே கேள்வி. முடி கொட்டுமா? தங்கச்சிக்கும் வருமா? இது வர்ற அளவுக்கு நான் என்ன பண்ணேன்?

மூணாவதுக்கு எனக்குப் பதில் தெரியல.


இரவுப்பணி (புதன், இரவு 10.40)

படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன் தம்பி.

மூணாவது கேள்வியைக் கேட்காத நோயாளியை நான் இன்னும் பார்க்கல. அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க. மார்பகப் புற்றுநோய் வர்ற பெண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெண்ணாப் பிறந்ததும் வயசு ஆனதும் தவிர வேற எந்தக் காரணத்தையும் காட்ட முடியாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. செல் பிரியறப்போ மரபணுவை நகல் எடுக்குது, நகல்ல பிழை விழுது, வயசு ஏற ஏறப் பிழை சேருது. அம்மா பண்ணின எதுவும் இதுக்குத் தண்டனை இல்ல.

தடுக்க முடியாதுன்னு சொல்லல. உலகத்துல வர்ற புற்றுநோய்ல 30லிருந்து 50 சதவீதம் வரைக்கும் தடுக்கக்கூடியதுதான். அதுல புகையிலைதான் முதல் எதிரி, புகைச்சாலும் சரி மென்னாலும் சரி. மதுவும் அப்படித்தான், மார்பகப் புற்றுநோய்க்கும் அது ஒரு காரணம். மாதவிடாய் நின்னப்புறம் ஏர்ற உடல் எடையும் சேரும். ஆனா இதையெல்லாம் வராதவங்களுக்குச் சொல்லணும். வந்து உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட பட்டியல் போட்டு 'இதனாலயா, அதனாலயா'ன்னு விசாரணை நடத்தறதை நிறுத்தணும்.


விடியலின்தங்கை (வியாழன், காலை 7.12)

நான்தான் அந்தத் தங்கச்சி. அண்ணன் இழையைக் காட்டினான். எனக்கு 33. பத்து வயசுல ஒரு பொண்ணு இருக்கா. நாங்க ரெண்டு பேரும் மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?


கண்ணாடிவில்லை (வியாழன், காலை 8.50)

பெற்றோர் வழியாக வரும் மரபணுக் கோளாறால் உண்டாவது மொத்தப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான். மார்பகத்துக்கு முக்கியமானவை பிராக்கா1, பிராக்கா2 என்ற இரண்டு மரபணுக்கள். இவற்றில் கோளாறு இருக்கும் பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல். சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பும் சேர்ந்து கூடும்.

பரிசோதனை வேண்டுமா என்பதை டாக்டரும் மரபணு ஆலோசகரும் சொல்வார்கள். நெருங்கிய உறவில் யாருக்காவது இளவயதில் மார்பகம், சினைப்பை, கணையம் என்று வந்ததா என விசாரித்து எழுதி எடுத்துப்போங்கள். அப்பா வழியையும் சேர்த்து. அந்தக் கோளாறு ஆண்கள் வழியாகவும் இறங்கும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் மகனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி 50 சதவீதம். உங்கள் அண்ணனும் இந்தக் கணக்கில் உண்டு.

எடுப்பதானால் முதலில் அம்மாவுக்கு எடுக்க வேண்டும், உங்களுக்கு இல்லை. அம்மாவிடம் கோளாறு இருந்தால்தான் உங்களிடம் எதைத் தேடுவது என்று தெரியும்.

மகளுக்குப் பத்து வயது என்றீர்கள். மார்பகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்பிவி வைரஸால் வருவது. அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. 9 முதல் 14 வயதுதான் போட வேண்டிய வயது, அந்த வயதில் ஒரு தவணையே போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரு புற்றுநோயை ஊசியால் தடுக்க முடிகிற காலத்தில் உங்கள் மகள் வளர்கிறாள். தள்ளிப்போடாதீர்கள்.


நதிக்கரை (வெள்ளி, மாலை 4.25)

உங்க அம்மாவுக்கு எந்தக் கட்டம்னு இன்னும் தெரியல, எனக்குத் தெரியும். எலும்புக்குப் பரவின நாலாம் கட்டம். ஆறு வருஷம் ஆகுது. இழை முழுக்கப் படிச்சேன். நோயாளி பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்லணும்னு தோணுச்சு.

எனக்குச் சொன்ன முதல் ராத்திரி, 'சராசரியா எத்தனை வருஷம்'னு தேடினேன். வந்த நம்பரை என் வயசோட கூட்டி, பையன் அப்ப எந்த வகுப்புல இருப்பான்னு கணக்குப் போட்டேன். அந்த ஒரு கூட்டல் என்னை மூணு மாசம் படுக்கப் போட்டுடுச்சு. அப்புறம்தான் ஸ்டீபன் ஜே கூல்டுங்கிற அறிவியலாளரைப் பத்தித் தெரிய வந்தது. 1982ல அவருக்கு வயித்துல மீசோதீலியோமாங்கிற அரிய புற்றுநோய் வந்துச்சு. இடைநிலை ஆயுள் எட்டு மாசம்னு இருந்தது. இடைநிலைன்னா பாதிப் பேர் அதுக்கு மேல இருக்காங்கன்னுதானே அர்த்தம், அந்த மேல் பாதி எவ்வளவு தூரம் நீளுதுன்னு யார் சொன்னாங்கன்னு அவர் யோசிச்சார். இன்னும் இருபது வருஷம் வாழ்ந்தார். 2002ல இறந்தது வேற ஒரு புற்றுநோய்ல. எனக்கும் இருபது வருஷம்னு நான் சொல்லல. அந்த நம்பர் கூட்டத்தைப் பத்தினது, எனக்குப் போட்ட தேதி இல்லன்னு புரிஞ்சது, அவ்வளவுதான்.

வலிநிவாரண மருத்துவம்னா கைவிட்டாச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் நினைச்சேன், ரெண்டு வருஷம் வலியோட இருந்தேன். பரவின நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரை வச்சு 2010ல ஒரு ஆய்வு வெளியாச்சு. ஆரம்பத்துலயிருந்தே அந்த மருத்துவமும் சேர்ந்து கிடைச்சவங்க நல்லா இருந்ததோட, கூடுதல் நாளும் வாழ்ந்தாங்க. அது கிடைக்காதவங்க 8.9 மாசம், கிடைச்சவங்க 11.6 மாசம். கீமோவோட சேர்த்தே கேட்கலாம். யாருக்கு வலி இருந்தாலும் இன்னைக்கே கேளுங்க.

கூட இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். "தைரியமா இரு, நீ ஒரு போராளி"ன்னு சொல்லாதீங்க. நாளைக்கு நோய் கூடினா நான் சரியாப் போராடலன்னு ஆயிடும். என் தோழி ஒருத்தி, ஸ்கேன் ரிசல்ட் வர்ற நாள்ல மட்டும் எதுவும் பேசாம பக்கத்து நாற்காலியில வந்து உட்காருவா. ஆறு வருஷமா ஒரு தடவைகூட தவறல. எனக்கு அது போதும்.


மொட்டைமாடி (சனி, அதிகாலை 1.41)

இழைக்குச் சம்பந்தமில்லாம கேட்கறதுக்கு மன்னிக்கணும், யாராவது முழிச்சிருக்கீங்களா? என் கணவருக்கு ரெண்டாவது கீமோ போட்டு இன்னையோட ஒன்பது நாள். குளிருதுன்னார், தெர்மாமீட்டர்ல 38.3 காட்டுது. பாராசிட்டமால் குடுத்துட்டு காலையில கூட்டிட்டுப் போகலாமா?


இரவுப்பணி (சனி, அதிகாலை 1.46)

வேண்டாம். இப்பவே கிளம்புங்க. மாத்திரை குடுக்காதீங்க, காய்ச்சலை மறைச்சிடும். அவசரப் பிரிவுல நுழைஞ்சதும் "கீமோ போட்டு ஒன்பதாம் நாள், காய்ச்சல் 38.3"ன்னு முதல் வாக்கியமா சொல்லுங்க. கீமோ ஃபைலைக் கையில எடுத்துக்கோங்க.


இரவுப்பணி (சனி, அதிகாலை 1.58)

அவங்க கிளம்பியிருப்பாங்க. மத்தவங்களுக்காக எழுதி வைக்கிறேன். கீமோ, வேகமாப் பிரியற செல்லையெல்லாம் தாக்கும். முடி கொட்டறதும் வாய்ப்புண் வர்றதும் அதனாலதான். எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான். பல மருந்துகளுக்கு ஏழாம் நாள்லயிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிடும். அப்ப கிருமி நுழைஞ்சா எதிர்க்க ஆள் இல்ல. சில மணி நேரத்துல ரத்தம் முழுக்கப் பரவிடும். 38 டிகிரி, ஃபாரன்ஹீட்டுல 100.4. கீமோ எடுக்கறவங்க வீட்டுச் சுவத்துல இந்த நம்பரை எழுதி ஒட்டுங்க. நடுராத்திரியா இருந்தாலும் காத்திருக்காதீங்க.


மொட்டைமாடி (திங்கள், காலை 9.15)

அக்கா, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு வெறும் 200தான் இருந்துச்சாம். போன உடனே நரம்பு வழியா ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிட்டாங்க. நேத்து ராத்திரியிலயிருந்து காய்ச்சல் இல்ல. இப்ப தூங்கறார். நானும் தூங்கப் போறேன்.


விடியல்நோக்கி (ஏழு வாரம் கழித்து)

நிறைய பேர் தனிச் செய்தியில கேட்டிருந்தீங்க, மன்னிக்கணும்.

ஃபிஷ் நெகட்டிவ். மார்பை முழுசா எடுக்கல. கட்டியையும் சுத்தி கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்தாங்க. முழுசா எடுத்தாத்தான் பாதுகாப்புன்னு சித்தி சண்டை போட்டாங்க. டாக்டர் அம்மாவைப் பார்த்தே விளக்கினார். கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷன் குடுத்தவங்களையும் முழு மார்பை எடுத்தவங்களையும் இருபது வருஷம் தொடர்ந்து பார்த்த ரெண்டு பெரிய ஆய்வு 2002ல வந்திருக்கு, உயிர் பிழைக்கறதுல வித்தியாசமே இல்லைன்னார். அம்மா உடனே, "அப்ப இதையே பண்ணுங்க"ன்னாங்க. மறைச்சு வச்சிருந்தா அந்த வாக்கியத்தை அவங்க இடத்துல யார் சொல்லியிருப்போம்னு இப்ப யோசிக்கிறேன்.

1.8 சென்டிமீட்டர். எடுத்த மூணு கணுவுலயும் எதுவும் இல்ல. முதல் கட்டம்.

அதுக்கப்புறம் கீமோ தேவையான்னு பார்க்க, கட்டியில இருக்கற 21 மரபணுவை அளக்கற டெஸ்டுக்கு அனுப்பினாங்க. ஸ்கோர் 16. அம்பது வயசு தாண்டின, கணுவுக்குப் போகாத, ஹெர்2 இல்லாத ஹார்மோன் வகைக்கு 25 வரைக்கும் கீமோவால கூடுதல் பலன் இல்லைன்னு 2018ல உறுதியாயிருக்காம். அதனால கீமோ இல்ல. ரேடியேஷன், அப்புறம் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கற லெட்ரோசோல் மாத்திரை, எலும்பு அடர்த்தி பார்த்துட்டே இருக்கணும்.

சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு இது பிடிக்கல. 'கேன்சருக்குக் கீமோ குடுக்கலன்னா அது என்ன வைத்தியம்?' எனக்கே முதல் ரெண்டு நாள் பயமாத்தான் இருந்தது.


கண்ணாடிவில்லை (அதே நாள்)

நிறைய மருந்து கொடுப்பதே நல்ல வைத்தியம் என்ற எண்ணம் மாற நாளாகும். தேவையில்லாதவருக்குக் கீமோ கொடுக்காமல் விடுவதற்காகவே பல ஆண்டுகள், பல ஆயிரம் பெண்கள் ஆய்வில் பங்கெடுத்திருக்கிறார்கள். தேவையில்லாமல் தேடுவதிலும் இதே கதைதான். தென் கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கெல்லாம் தைராய்டு ஸ்கேன் செய்யத் தொடங்கியதில், 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கு ஏறியது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை மாறவே இல்லை. ஆபத்தே தந்திருக்காத கட்டிகளுக்காகப் பல பேர் தைராய்டை இழந்து ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். மார்பகம், கருப்பை வாய், பெருங்குடல் போலப் பலன் நிரூபணமான பரிசோதனைகளைக் குறித்த வயதில் தவறாமல் செய்யுங்கள். 'முழு உடம்பு கேன்சர் பேக்கேஜ்' விளம்பரத்தைப் பார்த்து ஓடாதீர்கள். அம்மாவுக்கு என் வணக்கம்.


விடியல்நோக்கி (ஒன்பது வாரம் கழித்து, மாலை 6.30)

இது அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கல.

"எல்லாருக்கும் வணக்கம்ப்பா. ரேடியேஷனுக்கு அடையாளம் வைக்கப் போனேன். கையைத் தலைக்கு மேல தூக்கி அப்படியே அசையாம வச்சிருக்கணும்னு சொல்றாங்க. அக்குள்ல கணு எடுத்த பக்கம் தோள் இறுகிப் போய் கை காது உசரம்கூடப் போகல. அடுத்த வாரம் ஆரம்பிக்கறாங்களாம். அந்த நர்ஸ் பொண்ணு இருந்தா என்ன பண்றதுன்னு சொல்லும்மா."


இரவுப்பணி (அதே நாள், இரவு 8.05)

அம்மா, இருக்கேன். முதல்ல உங்க டாக்டர்கிட்டயும் அங்க இருக்கற பிசியோதெரபிஸ்ட்கிட்டயும் காட்டிடுங்க. அவங்க சரின்னு சொன்னா இதைப் பண்ணுங்க. சுவத்தைப் பார்த்து நில்லுங்க. அந்தக் கை விரல்களைச் சுவத்துல வச்சு, சிலந்தி ஏர்ற மாதிரி விரலாலயே மெதுவா மேல ஏத்துங்க. இழுக்கற இடத்துல நிறுத்தி அஞ்சு எண்ணுங்க, அப்புறம் அதே மாதிரி விரலாலயே இறக்குங்க. இழுத்தா பரவாயில்ல, வலிச்சா நிறுத்தணும். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு வேளை. விரல் எட்டின உசரத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு வைங்க.


விடியல்நோக்கி (ஆறு நாள் கழித்து)

"பிசியோ பார்க்கற தம்பியும் அதையேதான் சொன்னார்மா. சுவத்துல இப்ப ஒன்பது கோடு. மேல் கோடு என் தலைக்கு மேல நாலு விரக்கடை. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முதல் ரேடியேஷன். இவன் கூட வரேன்றான், நான் உள்ள தனியாத்தான் படுக்கணுமாம்."